மாசி விரதத்தில் தாய் கொடுத்த பதில்

அம்மன் பிள்ளைகள் எல்லோருக்கும் வணக்கம். அனுபவம் சொல்ல வருகிறவர்கள் வழக்கமாக அம்மாவின் புகழைச் சொல்லித் தொடங்குவார்கள். நான் அவளை ஏசிய கதையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. போன வருடம் மாசித் தேரன்று, ஊரே ரோட்டில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், நான் ஆஸ்பத்திரி வார்டில் நின்று "நீயெல்லாம் ஒரு தாயா?" என்று அவளைக் கேட்டேன். வாய்விட்டே கேட்டேன். பக்கத்துக் கட்டில் பிள்ளையின் அம்மா திரும்பிப் பார்த்தார். கேட்ட சூடு ஆறுவதற்குள் அவள் பதில் சொல்லிவிட்டாள்.

நாங்கள் இருப்பது மாத்தளைக்குப் பக்கத்தில், அலுவிகாரையில். வீட்டுக்காரர் மாத்தளை டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறார். நான் வீட்டிலிருந்து ஸ்கூல் யூனிபோர்ம் தைக்கிறேன். ஒரே மகள் கவிஷா. அப்போது அவளுக்கு எட்டு வயது. ஆனால் அவளுக்கு நான் தைத்தது ஐந்து வயதுப் பிள்ளையின் அளவில். கை கால் குச்சியாகவும் வயிறு மட்டும் உப்பிப்போயும் இருந்தாள். தின்றது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. பூச்சி மருந்து கொடுத்தோம், மந்திரித்தோம், நூல் கட்டினோம். கடைசியில் கண்டியில் ஒரு பிள்ளைகள் டொக்டர்தான் இரத்தம் எடுத்துப் பார்த்து வியாதியைச் சொன்னார். கோதுமை இவள் குடலுக்கு ஆகாது. ஆயுளுக்கும் ஆகாது. ஒரு தூள்கூட உள்ளே போகக் கூடாது.

எங்கள் ஆட்களிடம் கோதுமை மாவை நிறுத்தச் சொல்வதும் மூச்சை நிறுத்தச் சொல்வதும் ஒன்றுதான். காலையில் ரொட்டி, அவசரத்துக்கு பேக்கரிப் பாண், தேத்தண்ணிக்கு பிஸ்கட். தோசை மாவில்கூட ஒரு கை கோதுமை மாவைக் கலந்துவிடுகிற ஊர் இது. ஆனாலும் அன்று மாலையே மா டின்னைக் காலி செய்தேன். ரொட்டிக் கல்லைக் கூரைக்கு மேலே தூக்கிப் போட்டேன். பிள்ளைக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி வாங்கினேன். இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் அரிசியை நானே ஊறவைத்து, இடித்து, வறுத்தேன்.

கொஞ்ச நாள் முகம் தெளிந்தது. எனக்கு உயிர் வந்தது. பிறகு பழையபடி வயிற்று வலி, வயிற்றோட்டம். என்ன கொடுமை என்றால், அவள் சோற்றைக் கண்டாலே பயந்தாள். சாப்பிட்டால் வலிக்கும் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. நான் தட்டோடு பின்னால் போனால், "வேணாம்மா, நாளைக்கு சாப்பிடுறேன்" என்பாள்.

கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான். வீட்டில் யாராவது பாண் கொடுக்கிறார்களா? பள்ளிக்கூடத்தில் வாங்கித் தின்கிறாளா? அந்தக் கேள்வி எங்கள் வீட்டைப் பிரித்துப் போட்டது. நான் வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டேன். அவர் என்னைச் சந்தேகப்பட்டார். பக்கத்து வீட்டு நஸீரா தாத்தாவைக்கூட விட்டுவைக்கவில்லை. தாத்தா என்றால் முஸ்லிம் ஆட்கள் வழக்கில் அக்கா. என் பிள்ளைக்கு அவர் ஒரு மிட்டாய் கொடுத்தாலும் பிடுங்கிப் பார்த்தேன். அந்த மனுசி உள்ளே போய்விட்டார். நானோ என்ன செய்வதென்று தெரியாமல், குழைந்த சோறும் ரசமும் மட்டும் கொடுத்தேன். வயிற்றுக்கு இதம் என்று பெருங்காயம் போட்ட ரசம். நம் வீடுகளில் வயிறு சரியில்லை என்றால் வேறு என்ன கொடுப்போம்?

மாசி பிறந்தது. அம்மன் கோயிலில் கொடி ஏறியது. நெரிசலில் நின்று, கொடிமரத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். இதைக் கவனமாகக் கேளுங்கள். குணமாக்கு என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தேன். "எது என் பிள்ளையை அடிக்குதுன்னு எனக்குத் தெரியலம்மா. எனக்குக் காட்டிக் கொடு. அது போதும்" என்றுதான் கேட்டேன். தேர் வரைக்கும் வீடே விரதம் என்று நேர்ந்துகொண்டு வந்தேன்.

விரதமென்றால் சும்மா இல்லை. மீன், இறைச்சி, முட்டை வாசலைத் தாண்டாது. வெங்காயமும் பூண்டும் கிடையாது. அவை இரண்டும் இல்லாவிட்டால் சமையல் சப்பென்று போய்விடுமல்லவா? அந்தக் குறை தெரியாமலிருக்க நம் பெண்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். பருப்பு, சாம்பார், சுண்டல், ரசம் எல்லாவற்றிலும் பெருங்காயத்தைத் தாராளமாகப் போட்டேன். வீடு கோயில் மடைப்பள்ளிபோல மணத்தது. விரதச் சாப்பாடு, சாமிச் சாப்பாடு, இதுவாவது பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளும் என்று கெஞ்சிக் கெஞ்சி ஊட்டினேன்.

அவள் அப்படியே சரிந்தாள். முதலில் வாந்தி. பிறகு நிற்காத வயிற்றோட்டம். கண் குழிக்குள் போய்விட்டது. தேருக்கு முதல் நாள் பின்னேரம் எழுந்து நடக்க முடியாமல் கதவோரம் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்காரர் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. அத்தனை வற்றிப்போயிருந்தாள். பிள்ளை தங்குமா, தங்காதா என்று யாரும் வாயால் சொல்லவில்லை. தாதி மிஸ்ஸிமார் என் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்தார்கள். எனக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் தேர். மேளச் சத்தம் தூரத்தில் கேட்டது. அப்போதுதான் அந்த வார்த்தை என் வாயில் வந்தது. உனக்காகத்தானே வாயைக் கட்டினேன், உன் விரதத்திலா என் பிள்ளையைக் கிடத்தினாய், நீயெல்லாம் ஒரு தாயா?

அந்த நேரம் வார்டுக்கு ஒரு இளம் லேடி டொக்டர் வந்தார். சிங்களப் பிள்ளை. தமிழ் ஓரளவு பேசினார். மற்றவர்களைப் போலப் பாண் கொடுத்தீர்களா என்று அவர் கேட்கவில்லை.

"ரெண்டு வாரத்துக்குள்ள சாப்பாட்டுல என்ன மாறிச்சு அம்மா?"

"ஒண்ணும் மாறல டொக்டர். விரதம். மரக்கறி மட்டும்தான். வெங்காயம், பூண்டுகூட சேர்க்கல."

"வெங்காயம் இல்லாம எப்பிடி ருசி வரும்?" அவர் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார்.

"அதுக்குத்தான் பெருங்காயம் கூடப் போடுவோம்."

"பெருங்காயம் எங்க வீட்டுல இல்ல. கட்டியா வருமா, தூளா?"

"தூள். சின்ன டப்பால."

அவர் குறிப்பேட்டை மூடினார். "அந்த டப்பாவை எடுத்துட்டு வரச் சொல்லுங்க. இப்பவே."

வீட்டுக்காரர் தேர்க் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அலுவிகாரைக்குப் போய்க் கொண்டுவந்தார். டொக்டர் டப்பாவைச் சுற்றித் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியில் விரலை வைத்து என்னிடம் நீட்டினார். இங்கிலீஷ் எனக்கு அவ்வளவாக வராது. ஆனால் கோதுமை மாவு என்ற அந்தச் சொல்லை மட்டும் தூக்கத்திலும் வாசிப்பேன். கடையில் ஒவ்வொரு பக்கெட்டிலும் தேடித் தேடிப் பழகிய சொல். அது என் பெருங்காய டப்பாவில் இருந்தது.

என் காதில் மேளமும் விழவில்லை, பேச்சும் விழவில்லை. அத்தனை சாமானையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தவள், இதை ஒரு நாளும் திருப்பிப் பார்க்கவில்லை. யார் பார்ப்பார்கள்? அது மருந்தல்லவா? வயிற்று வலிக்கு நம் கை தானாகப் போகிற டப்பா அல்லவா? பிசின் கட்டியைத் தூளாக்க மாவைக் கலப்பார்களாம். டொக்டர்மார் கொடுத்த விவரத்தில் பாண் இருந்தது, பிஸ்கட் இருந்தது, இது இல்லை. அவர்கள் வீட்டில் புழங்காத பொருளை எப்படி எழுதுவார்கள்?

பிறகு அதைவிடப் பெரிய இடி விழுந்தது. ரசத்தில் ஒரு சிட்டிகை போட்டவரை பிள்ளை இழுத்துக்கொண்டு கிடந்தாள், யாருக்கும் காரணம் பிடிபடவில்லை. விரதம் வந்ததால்தான் பெருங்காயம் கூடியது. கூடியதால்தான் வெளியே தெரிந்தது. காட்டிக் கொடு என்று நான் கேட்டேன். காட்டிக் கொடுத்துவிட்டாள். கேட்டதை ஒரு எழுத்துப் பிசகாமல் கொடுத்தவளையா நான் அப்படிக் கேட்டேன்? வார்டுத் தரையிலேயே விழுந்து கும்பிட்டேன். பார்த்தவர்கள் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

பிள்ளை பிழைத்தாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நஸீரா தாத்தா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று அழுதேன். அவரே, "அல்லாஹ் காப்பாத்திட்டான், இனி அழுவாதீங்க புள்ள" என்றார். அன்றைக்கே வட்டிலப்பம் அவித்துக் கொண்டுவந்தார். தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி, முட்டை, ஏலம். ஒரு துளி மா கிடையாது. கவிஷா ஒரு வாய் தின்றுவிட்டு, கரண்டியை வைத்துக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தாள். வலிக்குமா என்று பார்த்தாள். வலிக்கவில்லை. கிண்ணத்தை வழித்துத் தின்றாள்.

அதிலிருந்து எனக்கு ஒரு வீம்பு. ஆகாததைத் தவிர்ப்பது மட்டும் சமையலா? என் பிள்ளை ஆசைப்பட்டுத் தின்ன வேண்டும். பெருங்காயத்துக்குப் பதில் சீரகமும் மிளகும் வறுத்துப் பொடித்தேன். ரசம் முன்பைவிட நன்றாக வந்தது. குரக்கன், அதுதான் கேழ்வரகு, அந்த மாவில் தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் போட்டு ரொட்டி சுட்டேன். முதல் ரொட்டி ஓடாகி, வீட்டுக்காரர் அதைச் சுவரில் ஆணி அடிக்கக் கேட்டார். வெந்நீரில் பிசைந்து, வாழையிலையில் தட்டிப் போட்டதும் மெத்தென்று வந்தது. அரிசி மாவும் வறுத்த பயற்றம்மாவும் கலந்து கேக் செய்தேன். நாலு தடவை உதிர்ந்தது. மசித்த வாழைப்பழம் சேர்த்த பிறகுதான் ஒழுங்காக நின்றது. பிறந்தநாளுக்கு வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் அதைத்தான் தின்றார்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஒருநாள் டவுனில் கொத்து ரொட்டிக் கடையைத் தாண்டும்போது அவள் நின்று பார்த்தாள். கேட்கவில்லை, பார்த்தாள். அன்று மாலை இடியப்பத்தை உதிர்த்து, கரட், கோவா இலை, முட்டை போட்டு இடியப்பக் கொத்து செய்தேன். கடைச் சோஸில் கோதுமை இருக்கும் என்பதால் புளியும் மிளகும் சேர்த்தேன். சத்தம் இல்லாமல் என்ன கொத்து என்று வீட்டுக்காரர் இரண்டு தோசைக் கரண்டியால் சட்டியைப் போட்டு அடித்தார். கவிஷா சிரித்த சிரிப்பில் நஸீரா தாத்தா வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

இப்போது அவளுடைய இரத்தப் பரிசோதனை நல்லபடியாக இருக்கிறது. கிளினிக்கை நாங்கள் தவற விடுவதில்லை. மருந்தையும் விடுவதில்லை. அம்மன்தானே பார்த்துக்கொள்வாள் என்று டொக்டரை விட்டுவிடாதீர்கள். எனக்கு அவள் பதில் வந்ததே டொக்டர் வாயில்தான். அரிசி மா கலந்த பெருங்காயமும் கடையில் இருக்கிறதாம், நான் அந்தப் பக்கமே போவதில்லை.

நம்பிக் கேளுங்கள். இன்னதென்று தெளிவாகக் கேளுங்கள். பதில் நாம் நினைத்த முகத்தோடு வராது. எனக்கு அடியாகத்தான் வந்தது. வந்த அன்று அது பதில் என்றே தெரியவில்லை. அதற்காகக் கேட்பதை விட்டுவிடாதீர்கள். ஏசினாலும் பரவாயில்லை, அவளோடு பேசிக்கொண்டே இருங்கள். உங்கள் வீட்டில் எதையும் தின்ன முடியாத பிள்ளை இருந்தால் அலுவிகாரைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். என்ன ஆகும், என்ன ஆகாது என்று சொல்லுங்கள். ஆசையாகத் தின்ன ஏதாவது செய்து தருகிறேன்.

இந்த மாசியில் தேர் பார்க்க மூன்று பேரும் போனோம். தேர் எங்கள் பக்கம் திரும்பியது. கூட்டம் கையைத் தூக்கியது. நானும் தூக்கினேன். அப்போது கவிஷா என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, பசிக்குது."

பிறந்ததிலிருந்து அவள் வாயில் நான் கேட்காத சொல். தூக்கிய கை அப்படியே இறங்கிவிட்டது. கூட்டத்தை விட்டு விலகி, ஒரு கடை வாசலில் உட்கார்ந்து, பையிலிருந்த இடியப்பப் பொட்டலத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தேன். தேர் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் பிள்ளை சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.