படுகைப் பள்ளிக்கு என்ன போட்டு அனுப்புவது

இங்கே பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதென்றால் உடம்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். நான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பழகியவள். நுவரெலியாத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவரை பனியன், அதன் மேல் ஃபிளானல் சட்டை, அதன் மேல் ஸ்வெட்டர், காதை மூடக் கம்பளித் தொப்பி, மழைக்கு ரப்பர் சீட்டு என்று மூட்டை கட்டித்தான் பிள்ளையை வெளியே விடுவோம். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரையோரம் குடிவந்த முதல் வாரம், பழக்கதோஷத்தில், என் ஆறு வயது மகள் தவமணிக்கு ஸ்வெட்டரை மாட்டி வாசலில் நிறுத்தினேன். எதிர்வீட்டு அஞ்சலை ஓடிவந்து பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். "புள்ளைக்குக் காய்ச்சலாக்கா?" என்றாள். இல்லை, ஸ்கூலுக்குப் போகிறாள் என்றேன். அவளுக்கு அது காய்ச்சலைவிடப் பெரிய வியாதியாகப் பட்டிருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் தெருவே சிரித்துவிட்டது.

தோட்டத்திலேயே இருக்கும் நீங்களும், இந்தியா வரத் தலைமன்னார் கப்பலுக்கு நாள் பார்த்திருக்கும் நீங்களும், இங்கே பிள்ளைகளுக்கு என்ன துணிமணி வேண்டும் என்று ஆள் மாற்றி ஆள் கேட்டு எழுதுகிறீர்கள். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுத இப்போது என்னால் முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

தவமணியின் வகுப்புக்குச் சுவர் கிடையாது. கரைக்கு இந்தப் பக்கம் ஓட்டுக் கட்டடம் ஒன்று உண்டு. அதில் பெரிய வகுப்புகள் அடைந்துகிடக்கின்றன. ஒன்றும் இரண்டும் கரைக்கு அந்தப் பக்கம், ஆற்றுப் படுகையில் உள்ள புங்கமரத் தோப்பில் நடக்கின்றன. ஆறு என்றதும் நம் ஊர் ஓடைபோல வருஷம் முழுக்கச் சலசலக்கும் என்று எண்ண வேண்டாம். கொள்ளிடத்தில் அநேக நாள் மணல்தான். கரையிலிருந்து இறங்கினால் ஒரு பள்ளம், பள்ளத்தைத் தாண்டினால் மணல்மேடு, மேட்டில் தோப்பு. பிள்ளைகள் ஆளுக்கொரு ஓலைத் தடுக்கும் சிலேட்டும் டம்ளரும் கொண்டுபோவார்கள். வெயிலுக்கு உச்சந்தலையில் நல்லெண்ணெய், மழை வந்தால் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொள்ள ஒரு சாக்கு. அவ்வளவுதான் தளவாடம். ஒரு பிள்ளை காலிலும் செருப்பு இல்லை.

ஸ்வெட்டரை விட்டேன், ஃபிளானலை விட்டேன், தொப்பியையும் பெட்டியில் போட்டேன். காலை மட்டும் விடவில்லை. துரை வீட்டுப் பிள்ளைகள் போட்டுக் கழித்த ரப்பர் பூட்ஸ், தவமணிக்கு முழங்கால் வரை வரும். அட்டைக்கடிக்குப் பயந்து அங்கே போட்டது. இங்கே நெருஞ்சிக்கும் தேளுக்கும் கொதிக்கிற மணலுக்கும் ஆகட்டுமே என்று மாட்டி அனுப்பினேன். ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து நடந்தே வரும் டீச்சர் ஒருநாள் என்னை நிறுத்தினார். "குழந்தை காலை இப்படி மூடாதேங்கோ. மண் தெரியட்டும் அவளுக்கு" என்றார். எனக்குச் சுள்ளென்று வந்தது. படிக்கிற இடத்தில் செருப்பாகாது என்ற ஆசாரம் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். "இது தோல் இல்லீங்க டீச்சர், ரப்பருதான்" என்றேன். அவர், "சரி, உங்க இஷ்டம்" என்று போய்விட்டார். ஜெயித்துவிட்டதாக நினைத்து வீட்டுக்கு வந்தேன்.

நமக்கு ஆபத்தென்றால் மேலேயிருந்து வர வேண்டும். நான் சிறுமியாக இருந்தபோது மேல்கணக்கு லயத்து வீடுகளின் மீது மலை சரிந்ததே, பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முன் மழை எத்தனை நாள் விடாமல் பெய்தது! மூட்டம் இறங்கி, கொழுந்துக் கூடை நனைந்து கனத்து, அடுப்பில் விறகு பற்றாமல், எல்லோருக்கும் ஏதோ நடக்கப்போகிறது என்று தெரிந்துதான் இருந்தது. என் அம்மா என்னைக் கம்பளிக்குள் சுருட்டி ஃபாக்டரிக்குத் தூக்கிப்போனாள். அந்த மலை சொல்லிவிட்டு வந்தது. அதனால்தான் இங்கு வந்தும் காலையில் எழுந்ததும் நான் வானத்தைப் பார்த்தேன். ஆடி மாதத்தில் திருச்சி வானத்தில் பார்க்க என்ன இருக்கிறது? கண்ணைப் பறிக்கும் நீலம், மணலை வாரி முகத்தில் அடிக்கும் காற்று. ஒரு பொட்டு மேகம் இல்லை.

ஆடிப் பதினெட்டுக்கு அஞ்சலை என்னை அம்மா மண்டபத்துக்கு அழைத்துப்போனாள். காவிரி படியேறி நுரைத்து ஓடுகிறது, பெண்கள் அதற்குப் பூவும் காதோலை கருகமணியும் போட்டுக் கும்பிடுகிறார்கள். வெள்ளத்தைப் பார்த்துக் குலவையிடும் ஊரை நான் அதற்குமுன் கண்டதில்லை. கும்பிடக் கை எழவில்லை எனக்கு. அது கழிந்து சில நாளில், அஞ்சலை தெருவே கேட்க வந்து, "அக்கா, மேட்டூர் ரொம்பிடுச்சாம்!" என்றாள். அவள் வீட்டில் நெல் வயல் உண்டு. நல்ல சேதி சொன்ன வாய்க்குச் சர்க்கரை போட வேண்டுமே என்று உள்ளே போய் ஒரு கை அள்ளிவந்து கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு ஒரு மாதிரி விழித்தாள்.

மறுநாள் மத்தியானம் தவமணிக்கு நீர்மோர் எடுத்துக்கொண்டு கரைமேல் ஏறினேன். காற்று திடீரென்று நின்றிருந்தது. தோப்பிலிருந்து காக்கைகள் மொத்தமாகக் கிளம்பிப் போயின. அடுத்த நொடி பிள்ளைகள் எல்லோரும் எழுந்து கரையை நோக்கி ஓடிவந்தார்கள். டீச்சர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு பொடிசுகளை இடுப்பில் இடுக்கியபடி முன்னால் ஓடியவர்களை விரட்டிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் வாயில் கசக்கிறது. ஒரு பிள்ளையும் கத்தவில்லை. வாயை மூடிக்கொண்டு ஓடும் பிள்ளைகளை அன்றுதான் பார்த்தேன். "என்னாடி?" என்று முதலில் ஏறிவந்தவளைப் பிடித்துக் கேட்டேன். "மண்ணு குளுந்துபோச்சு" என்றாள், ஏதோ எனக்குத் தெரிந்ததைச் சொல்வதுபோல.

அப்போதுதான் பள்ளத்தில் பார்த்தேன். பழுப்பாக, நுரையும் சருகும் முன்னால் தள்ளிக்கொண்டு, கொட்டிய கஞ்சி பரவுவதுபோல அவசரமில்லாமல் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. தலைக்கு மேலே வெயில் எரிகிறது. என் மகள் எல்லோருக்கும் கடைசியில், பூட்ஸ் காலை மணலிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி வைத்து நடந்துவந்தாள். ஆறு வருமுன்பே அதன் ஈரம் அடிமணலில் ஊறிக் குளிரும். மற்றப் பிள்ளைகளின் உள்ளங்காலுக்குத் தெரிந்த அந்தச் சேதி அவளுக்கு எட்டவேயில்லை. எல்லோரும் ஓடுகிறார்களே என்று வந்தவள் பள்ளத்தின் நடுவில் நின்றுவிட்டாள். பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்து, அடியில் மணல் கவ்வி, கால் வரவில்லை. நான் மோரைப் போட்டுவிட்டுச் சரிவில் உருண்டு இறங்கினேன். எனக்கு முன்னால் அஞ்சலையின் மகள் ராசாத்தி, எட்டு வயதுக்காரி, ஏறிய கரையிலிருந்து திரும்பி ஓடியிருந்தாள். "காலை உருவுடி! செருப்ப வுடு, காலை உருவு!" என்று கத்திக்கொண்டே தவமணியின் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் என் மகளின் இடுப்பில் இருந்தது. ஒரு கால் வந்தது. இன்னொன்று வரவில்லை. பிறகு அதுவும் வந்தது. மூவரும் கரையேறித் திரும்பிப் பார்த்தபோது நாங்கள் நின்ற இடம் ஆறாக இருந்தது. சிறிது நேரத்தில் புங்கமரங்கள் கழுத்தளவில் நின்றன. எங்கேயும் ஒரு துளி மழை இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் அஞ்சலை மேல் பாய்ந்தேன். இத்தனை பெரிய வெள்ளம் வரும் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, சிலோன்காரிதானே என்று விட்டுவிட்டாயா என்று வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "சொன்னேனேக்கா! மேட்டூர் ரொம்பிடுச்சுன்னு வாசல்ல வந்து சொன்னேனே. டீச்சரும் தண்ணி வந்து சேர இன்னொரு நாள் ஆவும்னுதான் நெனச்சிருக்காங்க. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?" என்றாள். மேட்டூர் அணை நிறைந்தால் மிச்சத் தண்ணீர் முக்கொம்பில் பிரிந்து இந்தக் கொள்ளிடத்தில்தான் விழும் என்பது இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். எங்கோ குடகில் பெய்த மழை, வழியில் யாரையும் நனைக்காமல், வெயிலில் நடந்து என் பிள்ளையைத் தேடி வரும் என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? அவள் சொன்னாள், நான் சர்க்கரை கொடுத்தேன். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

வெள்ளம் வடிந்தது. தோப்பில் மறுபடி வகுப்பு வைத்துவிட்டார்கள். பட்டறைக்கு ஃபிட்டர் வேலைக்குப் போகும் என் வீட்டுக்காரர், "புள்ள வீட்டுலயே கெடக்கட்டும், படிச்சது போதும்" என்கிறார். தவமணி போகவேண்டும் என்று மூன்று நாள் சாப்பிடாமல் அடம்பிடித்தாள். நேற்று நானே கூட்டிக்கொண்டு போனேன். ஒற்றைப் பாவாடை, மெல்லிய சட்டை, வெறுங்கால். பள்ளத்தில் இறங்கியதும் அவளும் ராசாத்தியும் பேச்சை நிறுத்தினார்கள். குதிகாலை மணலில் அழுத்தி, ஒரு சுற்றுச் சுற்றி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மேட்டுக்கு நடந்தார்கள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் காலை வைத்து அழுத்தினேன். சுட்டது. அந்தச் சூட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று என் காலுக்குத் தெரியவில்லை. அங்கேயே நின்று இன்னும் அழுத்திப் பார்த்தேன். மேட்டிலிருந்து என் மகள் திரும்பிப் பார்த்து, "ஒனக்குத் தெரியாதும்மா, நீ அங்க நிக்காத. மேல ஏறிப் போ" என்று கத்தினாள். சொன்னபடி கரையேறினேன், பள்ளிக்கூடம் விடும்வரை இறங்கவில்லை.