குண்டில் பூசிய கிறீஸ்

சுவிஸின் இன்டர்லாக்கனில் ஹோட்டல் குசினிக்குள்ளேயே சமைத்துப் பாதி ஆயுளைக் கழித்த அந்தோனிதாஸ், பிள்ளைகள் வீட்டை விட்டுப் போன வருடம் காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கும் சக்கரவீடான பழைய கரவன் ஒன்றை வாங்கி வந்தார். மனைவி பெர்னடெற்றிடம் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் என்றைக்கும் இருந்ததில்லை.

முதல் பயணத்திலேயே அது வாலாட்டியது. பெரிய பஸ் ஒன்று முந்திப் போக, கரவன் இடமும் வலமும் அலைந்து காரையும் சேர்த்து ஆட்டியது. பெர்னடெற் மாதாவைக் கூப்பிட்டாள்.

“மன்னாரிலை லொறி ஓடினவன் நான். சும்மா கத்தாதை!”

அடுத்த கிழமை பெர்னடெற், தான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் லீவு எடுத்து, அவரையும் இழுத்துக்கொண்டு கராச்சுக்குப் போனாள். மெக்கானிக் இரண்டு வழி காட்டினான். ஒன்று, காரின் பின்னாலுள்ள இழுவைக் குண்டை உராய்வுத் தகடுகளால் இறுகக் கவ்வி, ஆட்டத்தை முளையிலேயே அடக்கும் கொளுவி. மற்றது, ஆட்டம் தொடங்கியதும் கரவனின் பிறேக்கைத் தானே பிடிக்கும் மின்கருவி. பெர்னடெற் கேள்விமேல் கேள்வி கேட்டு முதலாவதைத் தெரிவுசெய்தாள். குண்டில் கிறீஸ் படவே கூடாது, பட்டால் வழுக்கிவிடும் என்று அவன் இரண்டு தரம் சொன்னான். அந்தோனிதாஸ் பக்கத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓகஸ்டில் கரவனோடு தெற்கே ரிசினோ மாநிலத்துக்குப் புறப்பட்டார்கள். கொத்தார்ட் சுரங்கம் தாண்டிய இறக்கத்தில், அந்தோனிதாஸ் ஒரு லொறியை முந்தப் போனார். கரவன் ஆடத் தொடங்கியது.

“மெல்லப் போங்கோ, ஐயோ!”

அவர் அக்சிலேற்றரை இன்னும் அமத்தினார். கரவன் சரிந்து காரையும் இழுத்துக்கொண்டுபோய்த் தடுப்பில் மோதியது. அவருக்கு ஒரு கீறலும் இல்லை. அவளுடைய வலது தோள் நொறுங்கிப் போனது.

குண்டில் ஏன் கிறீஸ் இருந்தது என்று பொலிஸ்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டபோதுதான் அவளுக்கு விசயமே தெரியவந்தது.

“கிரீச்செண்டு சத்தம் போட்டுது. பூசினனான்,” என்றார் அந்தோனிதாஸ்.

“பூசக்கூடாதெண்டு சொன்னவங்களெல்லோ?”

“அவங்கள் உன்னோடைதானே கதைச்சவங்கள்.”

அந்தக் கையால் இனி முதியவர்களைத் தூக்க முடியாது. இல்லத்தில் கொஞ்சக் காலம் துணி மடிக்க விட்டார்கள். பிறகு அதுவும் இல்லை. அவரோ போன இடமெல்லாம், “இவள் தெரிஞ்செடுத்த கொளுவி காலை வாரிவிட்டுது,” என்று சொல்லித் திரிந்தார். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒரு ஞானஸ்நான விருந்தில் அதையே அவர் மறுபடி தொடங்க, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்:

“கொளுவியிலை பிழையில்லை. நீங்கள்தான் கிறீஸ் பூசினீங்கள்.”

யாரோ ரோல்ஸ் தட்டை நகர்த்தினார்கள். குசினிக்குள் அவருடைய தங்கை கலாவதி மெல்லக் கேட்டாள்: “ஆக்களுக்கு முன்னாலை அண்ணையை இப்பிடிக் குறைச்சுக் கதைக்கலாமோ அண்ணி?”

நொறுங்கிய தோளைப் பற்றி அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த வசந்தத்தில் அந்தோனிதாஸ் வேறு கரவன் வாங்கினார். இந்த முறை மின்கருவியைத் தானே தேடிப் பூட்டினார். பெர்னடெற் ஏறவில்லை. அவர் தனியே போய், ஏரிக்கரையிலிருந்து போன் எடுத்தார்.

“நீயும் வந்திருக்கலாம்.”

“கரவன் ஆடினதோ?”

“இல்லை. ஒரு அசைவும் இல்லை.”

“சந்தோசம்,” என்றாள் பெர்னடெற். போனை வைத்துவிட்டு, இடது கையால் சீப்பை எடுத்துத் தலை இழுக்கத் தொடங்கினாள்.