பர்மாக்காரரின் பானை

கும்மிடிப்பூண்டியில் அவரைப் பர்மாக்காரர் என்றே அழைப்போம். உடுத்திய கைலியோடு கப்பலேறி வந்த அகதி. பர்மா வழக்கப்படி, வழிப்போக்கர்களுக்காகத் தினமும் வாசலில் பானை நிறையத் தண்ணீர் வைப்பார்.

எண்பதுகளில் சிலோன் அகதிகளும் வந்து பக்கத்தில் குடிசை போட்டார்கள். தேர்தல் நேரம்.

“இவுங்கள உள்ள வுடாதவனுக்குத்தான் என் ஓட்டு,” என்றார், பானையைக் கழுவியபடி. “இருக்கிற வேலையே நமக்குப் பத்தல.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நீங்க எப்டிண்ணே வந்தீங்க?”

“எங்கள அடிச்சித் தொரத்தினாங்க. சொகத்துக்கா வந்தோம்?”

“அவுங்க மட்டும் இன்னா, சொகத்துக்கா வந்தாங்க?”

அவர் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

தேர்தலன்று சொன்னபடியே ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, முதல் வேலையாகப் பானையை நிரப்பினார். கைக்குழந்தையோடு வந்து நின்ற சிலோன்காரிக்கு அவரே மொண்டு கொடுத்தார். அந்த மனிதர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.