செத்தவனுக்கு ஒரு டிக்

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் புத்தகம் என்றாலே கொட்டாவி வரும். ஆனால் பட்டாளத்துக்குப் போன தம்பி, பத்துப் பாகப் போர்க்கதை ஒன்றை அவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தான்.

"நான் லீவுல வர்றதுக்குள்ள முதல் பாகத்தையாவது முடிச்சிடுண்ணா. இதப்பத்திப் பேச எனக்கு ஆளே இல்ல."

புத்தகமா அது? தலையணை! சூனியக்காரர்கள், பேசும் கழுகுகள், வாயில் நுழையாத பெயருடைய தளபதிகள். ஐம்பது பக்கத்திலேயே மனுஷனுக்குக் கண்ணைக் கட்டிவிட்டது. ஆனால் மூன்று வாரமாகத் தம்பியிடமிருந்து போன் இல்லை. அந்தப் பயம்தான் அவரைப் பிடித்து உட்கார வைத்துப் படிக்க வைத்தது.

முன்பக்கத்தில் ஒரு படைப்பிரிவின் ஆட்கள் பட்டியல். கடைசிப் பெயருக்குக் கீழே தம்பி பென்சிலால் தன் பட்டப்பெயரை எழுதி வைத்திருந்தான்: ஒல்லி. கொழுப்பைப் பாருங்கள்! யார் இருக்கிறான், யார் போனான் என்று குழம்பவே, மெக்கானிக் தொழில் புத்தியைக் காட்டினார். செத்தவனுக்குச் சிவப்புப் பேனாவில் ஒரு டிக்.

அன்று மதியம் மொட்டைமாடி மோட்டார் அறையில், லிஃப்டை அணைத்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் படித்தார். கணவாய்க்குள் நுழைந்த அந்தப் படைப்பிரிவில் ஒருவன்கூட மிஞ்சவில்லை. சோதனை அட்டையில் கயிறு, பிரேக், கதவு என்று பார்க்காமலே கடைசி வரி வரை டிக் போட்டுப் பழகிய கை அல்லவா? கடகடவென்று இறங்கியது. ஒல்லிக்கும் போட்டுவிட்டது.

அடப்பாவி! பிளேடை எடுத்துச் சுரண்டினார். மை போனது, பெயரும் போனது, தாளில் ஒரு ஓட்டை விழுந்தது. பக்கத்தில் மோட்டார் ஒரு சுற்று சுற்றி நின்றது. சுவிட்சைப் பார்த்தார். அணைந்துதான் இருந்தது.

போன் அடித்தது. தம்பி!

"அண்ணா, இங்க ஒரு கூத்து. இப்ப வரிசையில நிக்க வச்சுப் பேர் வாசிச்சாங்க. என் பேர் மட்டும் இல்ல. காலைல இருந்துச்சாம். அந்த இடத்துல தாள் கிழிஞ்சு ஓட்டையா இருக்கு. மத்தவங்கள லாரியில ஏத்திக் கணவாய்க்கு அனுப்பிட்டாங்க. நான் மட்டும் தனியா நிக்கிறேன்."

மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பியது. ஆனால் பார்வை மடியிலிருந்த பட்டியலில் போய் நின்றது.

"மத்தவங்க எத்தனை பேருடா?"

"முப்பத்திநாலு."

விரல் வைத்து டிக்குகளை எண்ணினார். முப்பத்திநாலு.

"சரிண்ணா, புத்தகம் எதுவரைக்கும் படிச்சே?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லடா" என்றார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பிளேடால் முதல் பெயரைச் சுரண்ட ஆரம்பித்தார்.