இடுப்புக்கு வலு கேட்டவன்

அடியார்களே, அன்று கருட சேவையில் பெருமாள் சாய்ந்தார். சாய்த்தவன் அடியேன்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். மைசூரில் எங்கள் கோயிலில் பங்குனி உற்சவம். வாகனத்தின் முன் தண்டை வலது தோளில் தாங்குவது தலைமுறையாக எங்கள் குடும்பத்தின் கைங்கர்யம். பக்கத்தில் இடது தோளில் தாங்குவது சம்பத்தின் குடும்பம். ஏதோ பழைய பூசலால் இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. வீதி திரும்பும்போது வாகனம் குலுங்கியது. என் இடுப்புக்குள் ஏதோ அறுந்தது போல இருந்தது. கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. விழுந்துவிட்டேன். மற்றவர்கள் பாய்ந்து தண்டைப் பிடித்தார்கள். பெருமாள் தரையில் விழவில்லை, ஆனால் சாய்ந்தார். அவர் மாலை தெருமண்ணில் கிடந்தது. நாதஸ்வரம் நின்றுபோயிற்று.

ஜட்காவில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். டாக்டர், இனி வாகனம் சுமப்பதை மறந்துவிடு என்றார். சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா வேலை பார்ப்பவன் நான். பெருமாளைச் சுமக்கும் அந்தப் பத்து நாளுக்காகத்தான் வருஷம் முழுக்க உயிரோடு இருந்தேன். இவ்வளவு பெரிய தோள் இருந்தும் எப்படி விழுந்தான் என்று ஊரே கேட்டது. நியாயம்தான். கரடிமனை என்று இங்கே கன்னடத்தில் சொல்லும் மல்யுத்தப் பயிற்சிக்கூடத்தில் பத்து வருஷம் இரும்புக் குண்டு தூக்கியவன் நான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், சிரிக்காதீர்கள். வலது தோளில்தானே பெருமாள் எழுந்தருளுகிறார் என்று வலது கையால் மட்டுமே தூக்கினேன். இடது கையால் ஒரு குண்டைத் தொட்டதில்லை. அதை விரதமாகவே வைத்திருந்தேன்.

பாயில் கிடந்தபடி தினமும் அழுதேன். பெருமாளே, இன்னும் ஒரே ஒரு தடவை உன்னைச் சுமக்க விடு என்று கேட்டேன். வேறெதுவும் கேட்கவில்லை.

இருபது நாள் கழித்து வாசலில் சம்பத் வந்து நின்றான். திட்டத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அவன் உட்காரவே இல்லை.

"அன்னிக்கு முதல்ல விட்டது நான்தான்," என்றான். "மூணு வருஷமா என் இடுப்பு போயிண்டிருக்கு. யார்கிட்டயும் சொல்லலை. என் பக்கம் தாழ்ந்துடுத்து, அதைப் பிடிக்கப் போய் நீ விழுந்தே. ஊர் உன்னைப் பேசறது, நான் வாயை மூடிண்டு இருக்கேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோபம்கூட வரவில்லை. அவன் சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றான். முதுகு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. நான் எப்படியோ சுவரைப் பிடித்து எழுந்து நின்றேன். என் முதுகு மறுபக்கம் கோணியிருக்கிறது என்று அவன் சொன்னான். இரண்டு பேரும் அழுதோம்.

நடக்க முடிந்ததும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு இருவரும் கரடிமனைக்குப் போனோம். அங்கிருந்த பயில்வான் என் வயிற்றில் விரலால் குத்திப் பார்த்தார். தோசை மாவு மாதிரி உள்ளே போயிற்று. தோளும் கையும் இருந்து என்ன பிரயோஜனம், நடு உடம்பு காலி, ஒரே பக்கம் சுமந்து முதுகும் கோணிவிட்டது என்றார். எனக்கு இடது கையில் சின்னக் குண்டு, சம்பத்துக்கு வலது கையில். சாயாமல் நடக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் பத்து அடியில் வியர்த்துக் கொட்டியது. பிறகு குண்டை மார்போடு அணைத்து மெல்ல உட்கார்ந்து எழுந்தோம். வாரா வாரம் கொஞ்சம் கூட்டினோம். ஒருவர் சாய்ந்தால் மற்றவர் அதட்டுவோம்.

அடுத்த கருட சேவைக்குள் இருவரும் நிமிர்ந்துவிட்டோம். டாக்டர் என்னைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கோயில் பெரியவர்களிடம் சம்பத் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். பிறகு வழக்கத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டோம். பாதி வீதியில் நாங்கள் தோள் மாற்றிக்கொள்ள வேண்டும். முணுமுணுத்தார்கள், கடைசியில் விட்டார்கள். அன்று முதன்முறையாகப் பெருமாள் என் இடது தோளில் எழுந்தருளினார்.

கஷ்டத்தில் இருப்பவர்களே, அவரிடம் கேளுங்கள். யார் கையில் கொடுத்தனுப்புவார் என்று மட்டும் நீங்களே தீர்மானித்துவிடாதீர்கள். அடியேனுக்கு, பேசவே மாட்டேன் என்று நான் ஒதுக்கியிருந்த மனிதன் கையில் கொடுத்தனுப்பினார்.