சம்பந்திகள் ஒரே வீட்டாரான வரலாறு

செம்பூரிலுள்ள பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப வேண்டிய சீர்ப் பலகாரத்தைத் தாமே உண்டுவிட்டனர் என்றொரு பேச்சு மும்பையின் மாதுங்கா முழுவதும் உலவுகிறது. அவர்கள் உண்டது மெய். ஆயினும் அறிந்து உண்டிலர். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நிலைநாட்ட, உடனிருந்து கண்டவன் என்ற முறையில் இதனை எழுதிவைக்க வேண்டியவனாகிறேன்.

தாராவியில் பலகாரத் தொழிற்கூடம் நடத்தும் நெல்லைச் சீமை அண்ணாச்சி ஒருவர், தம் வாடிக்கையாளர் விவரங்களை ஒரு மென்பொருளில் வைத்திருந்தார். திருமணச் சீர் அனுப்புவதே அவர் தொழிலின் உயிர்நிலை; பணம் தருவது ஒரு வீடு, பலகாரம் சேர்வது மற்றொரு வீடு. ஆகவே அம்மென்பொருளில் ‘சம்பந்தி’ என்னும் தனி அட்டவணை ஒன்றைச் சொல்லிச் செய்வித்திருந்தார். இரு வீடுகளையும் ஒரு திருமணத்தோடு பிணைப்பது அது.

பழைய மென்பொருளை விட்டுப் புதியதற்கு மாறும் காலம் வந்தது. மாற்றித்தர வந்த பெண் மும்பையிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க அறியாள். தலைப்புகளோ யாவும் தமிழில் இருந்தன. ஓய்வுபெற்ற தமிழாசிரியனாகிய என்னை அண்ணாச்சி அழைத்தது அதனால்தான்.

“அண்ணாச்சி, நியூ சிஸ்டம்ல சம்பந்தின்னு ஒண்ணும் கிடையாது. ஃபேமிலின்னு ரெடிமேடா ஒண்ணு இருக்கு. அதுலயே போட்டுடவா? சம்பந்தின்னா ஒரே ஃபேமிலிதானே?” என்றாள் அவள்.

அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. “பின்ன வேற குடும்பம்னா சொல்லுவாவ? ஒண்ணுக்குள்ள ஒண்ணுல்லா! போடு பிள்ளே.”

சம்பந்திகளை வேறு வேறு என்று வாய்விட்டுச் சொல்ல நம்மவருக்கு நா எழாது. நானோ ‘சம்பந்தி’க்குப் பதில் ‘கொண்டோர் கொடுத்தோர்’ என்று தலைப்பிடலாமா என்னும் ஆராய்ச்சியில் ஆழ்ந்திருந்தேன். புதிய மென்பொருளில் ஒரு குடும்பத்துக்கு ஒரே முகவரிதான் என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. பணம் தந்தவர் முகவரியே அங்கு நிலைத்தது.

அதன்பின் முதலில் புறப்பட்ட சீர், செம்பூர்ப் பெண் வீட்டாருடையது. மாஹிமிலுள்ள மாப்பிள்ளை வீட்டுக்குச் செல்ல வேண்டிய அதிரசமும் முறுக்கும் செம்பூருக்கே சென்று இறங்கின. பெண்ணின் தந்தை மண்டபத்தில் இருந்தார். வீட்டிலிருந்த அவர் தமக்கையார், மாப்பிள்ளை வீட்டார் அனுப்பியவை என்று மகிழ்ந்து, தாமும் உண்டு, மாடிதோறும் வழங்கி, மாஹிமுக்குத் தொலைபேசியில் நன்றியும் கூறினார்.

“அதிரசம் பிரமாதம் மதினி! பில்டிங் பூரா உங்க பெருமைதான்.”

காலைமுதல் சீரை எதிர்பார்த்துக் கதவைத் திறந்துவைத்திருந்த மாப்பிள்ளையின் தாயார், “என்ன மதினி, கேலி பண்ணுதீயளா?” என்று இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

சிறிது நேரத்தில் பெண்ணின் தந்தை தாராவிக்கு ஓடிவந்தார். “மானத்த வாங்கிட்டீரே அண்ணாச்சி! விடிஞ்சா கல்யாணம். சீர நாங்களே தின்னுட்டோம்னு அந்தம்மா சொல்லுதாங்க. இல்லன்னு சொல்லவும் முடியல, தின்னுட்டோமே!”

மென்பொருளை மாற்றித்தந்த பெண் மடிக்கணினியைத் திறந்து பார்த்து, “அரே தேவா! எல்லாச் சம்பந்தியும் ஒரே வீட்ல இருக்காங்க” என்றாள். மும்பையில் சம்பந்திகள் அத்துணை ஒற்றுமையாக வாழ்ந்ததை அதற்குமுன் நான் கண்டதில்லை.

அதிரச மாவு புளிக்க நேரமில்லை. கைவசமிருந்த முறுக்கையும் மைசூர்பாகையும் ஏற்றிக்கொண்டு அண்ணாச்சியும் பெண்ணின் தந்தையும் நானும் மாஹிமுக்கு விரைந்தோம். “நீங்க சொன்னா மறுத்துப் பேச மாட்டாவ சார்” என்று அண்ணாச்சி என்னை முன்னே நிறுத்தினார். தரவு இடப்பெயர்ச்சியில் உறவுப் பிணைப்பு எங்ஙனம் சிதையும் என்பதை அவ்வம்மையாருக்கு அமைதியாக விளக்கினேன்.

அவர் அண்ணாச்சியை நோக்கி, “இவரு என்ன சொல்லுதாரு?” என்றார்.

“ரெண்டு வீடும் ஒண்ணுன்னு கம்ப்யூட்டர்ல ஏத்திட்டோம் தாயி. அதான் சீரு அங்கயே போயிட்டு. இவங்க மேல தப்பில்ல.”

பெண்ணின் தந்தை தலைகுனிந்து நின்றார். அம்மையார் அவரையும் முறுக்குக் கூடையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கமாட்டாமல், “தாலி ஏறுமுன்னயே ஒண்ணாக்கிட்டியளா? ஏறினாலும் எங்க வீடு மாஹிம்லதான் இருக்கும், எழுதிக்கிடுங்க! அண்ணே, ஏன் நிக்கிய? உக்காருங்க, காப்பி குடிங்க” என்றார்.

திருமணம் இனிதே நடந்தது. புதிய மென்பொருளிலும் இப்பொழுது ‘சம்பந்தி’க்குத் தனி அட்டவணை உண்டு, இரண்டு முகவரிகளோடு. ‘கொண்டோர் கொடுத்தோர்’ என்பதை எவரும் ஏற்கவில்லை.

செம்பூருக்குச் சென்ற கூடையில் தட்டையும் இருந்ததா என்பதில் எனக்கு ஐயமுண்டு. இதிலோ பிறவற்றிலோ பிழை கண்டால் அவ்விரு வீட்டாரும் எழுதித் திருத்த வேண்டுகிறேன். தனித்தனியே எழுதுக.