எண்பதைத் தாண்டினால் ஆடும் வண்டி

என் வீட்டுக்காரருக்குக் கால் ஆட்டாமல் உட்காரத் தெரியாது. பெண் பார்க்க வந்த அன்றைக்கே மடியிலிருந்த பலகாரத் தட்டு கிடுகிடுவென்று ஆடியது. மருதாசலம் என்று பேர். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை. சோறு தின்னும்போதும் பாதியில் எழுந்து போய் எதையாவது தட்டிப் பார்த்துவிட்டு வருவார். இந்த மனுஷனோடு குடித்தனம் நடத்தியதற்கு எனக்கு யாராவது மாலை போட வேண்டும்.

எங்கள் மகள் ஷாலினிக்கு சூரமங்கலத்தில் ரயில்வே ஆபீஸில் வேலை. லீவையெல்லாம் சேர்த்து வைத்து, பெரிய பைக் ஒன்றை வாங்கி, தனியாகக் குஜராத் வரைக்கும் போய் வருகிறேன் என்றாள். நான் ஒப்பாரி வைக்காத குறை. அவர் தடுக்கவில்லை. பயமாக இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லத் தெரியாமல், லாரிக்குப் போடும் இரும்பு ஆங்கிளை அறுத்து, பைக்குக்குப் பின்னால் ஒரு கேரியர் கட்டினார். அதன்மேல் ஒரு தகரப் பெட்டி. பெட்டியில் பெயிண்டால் தாமரைப் பூவும் மகள் பேரும். புது லாரி பட்டறையை விட்டு இறங்கும்போது செய்வதைப் போலவே சூடம் காட்டிப் பூசணிக்காயும் உடைத்தார்.

"யானை மிதிச்சாலும் நெளியாது சாமி" என்று மகளிடம் பெருமை வேறு.

கேரியர் நெளியவில்லைதான். வண்டி நெளிந்தது. எண்பதைத் தாண்டினால் ஹேண்டில் லேசாகி, பின்பக்கம் பாம்பு மாதிரி இப்படியும் அப்படியும் போகிறது என்றாள் ஷாலினி. கிளம்ப ஒரு வாரம்கூட இல்லை. அந்த வேகத்தில் லாரிக்குப் பக்கத்தில் ஆடினால் என்ன ஆகும்?

இவருக்குத் தூக்கம் போயிற்று. ஹேண்டில் பேரிங்கை மாற்றினார். டயரை மாற்றினார். மெக்கானிக் அப்புசாமியின் உயிரை வாங்கி, இரண்டு சக்கரமும் ஒரே நேரில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அப்புசாமி தயங்கித் தயங்கிப் பெட்டியைக் காட்டினார். "ஏனுங்கண்ணா, பின்னாடி கனம்..."

"பூசை போட்ட வேலையக் குத்தஞ் சொல்லாதே!" என்று இவர் எரிந்து விழுந்தார். பாவம், அந்த ஆள் ஸ்பேனரைப் போட்டுவிட்டுப் போயே போய்விட்டார்.

மறுநாள் காலையில் பெட்டி நிறையச் சாமானை அடைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். "ஏறு புள்ள. கனத்தோட ஓட்டுனாத்தான் ஆட்டம் நல்லாத் தெரியும்."

"நான் என்ன அரிசி மூட்டையா?" என்று கேட்டுக்கொண்டேதான் ஏறினேன்.

புதுச்சத்திரம் தாண்டி நாலுவழிச் சாலையில் முறுக்கினார். பெட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். திடீரென்று எனக்குக் கீழே வண்டி உலுக்க ஆரம்பித்தது. ஐயோ முருகா! பயத்தில் முன்னால் நகர்ந்து அவரை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். ஆட்டம் நின்றது.

"ஊரே பாக்குது, தள்ளி உக்காரு!"

தள்ளினேன். மறுபடியும் ஆடியது. ஒட்டினேன். நின்றது. ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.

"ஏனுங்க, நான் பின்னாடி சாஞ்சா ஆடுது, முன்னாடி வந்தா நிக்குது. உங்க பெட்டி எங்க இருக்குதுன்னு நீங்களே பாருங்க."

பெட்டி பின்சக்கரத்தையும் தாண்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"லாரின்னா முன்னாடி எஞ்சின் அமுத்திப் புடிச்சுக்கும். இதுல முன்சக்கரத்துல கனமே இல்ல" என்றார். "அப்புசாமி சொன்னப்பவே தெரியும் புள்ள."

எனக்கு வந்ததே கோபம். "தெரிஞ்சுமா? பெத்த புள்ளயவிட உங்க இரும்பு பெருசாப் போச்சா?"

"நாந்தான் அவகூடப் போக முடியாது. இதாச்சும் போவட்டும்னு கட்டுனேன்" என்றார். வண்டியை எடுக்கச் சொல்லி ஏறி உட்கார்ந்தேன்.

வீட்டுக்குத் திரும்பவில்லை, என்னோடு நேராகப் பட்டறைக்குப் போனார். பூசை போட்ட இரும்பில் கட்டர் வைத்தால் ஆகாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர், அந்தக் கேரியரைத் தன் கையாலேயே அறுத்தார். பெட்டிக்குப் பதில் இரண்டு துணிப்பைகளை சீட்டுக்குப் பக்கவாட்டில் தாழ்வாகக் கட்டினார். என்னை ஏற்றாமல் தனியாகவே ஓட்டிப் பார்த்தார், ஒரு தடவை இல்லை, பொழுது சாயும்வரை.

ஷாலினி கிளம்பிய அன்று போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார். தொப்பூர் மலை தாண்டி தர்மபுரியிலிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா, ஆட்டமே இல்லீங்கப்பா! கைய உட்டாலும் நேராப் போவுதுங்க!"

"கைய எதுக்கு சாமி உட்டே?" என்று கத்தியவர், போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஓயாமல் ஆடும் அவர் கால் மட்டும் ஆடவில்லை.

அடுத்த போன் பெங்களூர் தாண்டித்தான் என்றாள் மகள். வந்து உட்கார்ந்தேன். இப்போது ஆடிக்கொண்டிருந்தது என் கால்.